புள்ளி போடாத ஒரு மணி நேரம்

ஒருவரை அடிக்காமல், பட்டினி போடாமல், கால் மணி நேரத்துக்குள் அவர் உடம்பைப் பதறவைப்பது எப்படி? மன அழுத்தத்தை ஆராய்பவர்களுக்கு இது நெடுநாள் சிக்கலாக இருந்தது. ஆய்வுகூடத்துக்கு வரும் தொண்டரைத் துன்புறுத்த முடியாது. ஆனால் அழுத்தம் உண்மையாக ஏறினால்தான் அதை அளக்க முடியும். 1993 இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளெமென்ஸ் கிர்ஷ்பௌமும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஆளை ஓர் அறைக்கு அழைத்துப் போவார்கள். மேசைக்குப் பின்னால் மூவர். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையசைக்கவும் மாட்டார்கள். கமரா ஓடிக்கொண்டிருக்கும். “நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். அதற்கு நீங்கள்தான் பொருத்தமானவர் என்று ஐந்து நிமிடம் பேசுங்கள்.” பேச்சு முடிந்ததும் 1022 இலிருந்து 13 ஐக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள். ஓர் இடத்தில் பிழைத்தால் மறுபடியும் 1022 இலிருந்து தொடங்க வேண்டும். இப்படிப் பத்து நிமிடம் நின்றவர்களின் உமிழ்நீரில் கோர்டிசோல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியிருந்தது.

இன்று உலகம் முழுவதும் மன அழுத்த ஆய்வுகளில் இந்த ‘ட்ரியர் சோதனை’ புழக்கத்தில் இருக்கிறது. விஞ்ஞானிகள் தேடித்தேடிக் கடைசியில் வந்து நின்ற இடம் நேர்முகப் பரீட்சை. பதுளையில் இறுதியாண்டு படிக்கும் யாரையாவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

கோர்டிசோல் கெட்ட பொருள் அல்ல. மூளையின் ஹைபோதலமஸ் பகுதி பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, அது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகளைத் தட்டி எழுப்புகிறது. அங்கிருந்து வரும் கோர்டிசோல் இரத்தத்தில் குளுக்கோசைக் கூட்டி, ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயாராக்குகிறது. ஆபத்து விலகியதும் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் மாதக்கணக்கில் நின்றால்தான் உறக்கமும் நினைவாற்றலும் குலையத் தொடங்கும்.

எது இதை அதிகம் ஏற்றுகிறது? 2004 இல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி இருவரும் 208 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கடினமான வேலை மட்டும் கோர்டிசோலைப் பெரிதாக ஏற்றுவதில்லை. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற நிலையும், முடிவு நம் கையில் இல்லை என்ற நிலையும் சேரும்போதுதான் அது உச்சம் தொடுகிறது. 2016 இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஆர்ச்சி டி பெர்க்கர் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். 45 பேர் கணினித் திரையில் ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, கீழே பாம்பு இருக்குமா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி விழும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தவர்களின் பதற்றம் குறைவாகவே இருந்தது. விழலாம், விழாமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் வியர்வையும் கண்மணியின் விரிவும் உச்சத்தில் நின்றன.

எடைபோடப்படுதல், கையில் இல்லாத முடிவு, பாதிக்குப் பாதி நிச்சயமின்மை. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஊவாவுக்கு வருவோம்.

பசறை, நமுனுகுல, ஹாலி-எல, தெமோதரை, எல்ல என்று தேயிலை மலைகளில் பிறந்த பிள்ளை பல்கலைக்கழகம் போவதென்றால், அதற்கு முன்பே பல தடவை எடைபோடப்பட்டிருக்கும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், பிறகு இசட் புள்ளி. கலைப்பிரிவைத் தவிர்த்த பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய தகுதிக்கும், 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பின்தங்கிய பட்டியலில் பதுளையும் மொனராகலையும் இருக்கின்றன. கோட்டா நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் “கோட்டாவில் வந்தவன்” என்ற ஒரு வார்த்தை நான்கு வருடமும் ஒருவன் பின்னால் நடந்துவரக்கூடும். அதுவும் ஓர் எடைபோடல்தான்.

பதுளை நகரிலிருந்து பசறை போகும் வீதியில், 2005 இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கற்பித்தல் ஆங்கிலத்தில். படித்து வெளியேறுபவர் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதை நோக்கமாகச் சொல்லியே ஆரம்பித்த நிறுவனம். அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பட்டப்படிப்பு உண்டு, விருந்தோம்பலுக்கும் சுற்றுலாவுக்கும் உண்டு. ஊவாவின் தேயிலையையும் எல்லவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளையும் நினைத்தால் பொருத்தமான தெரிவுகள். ஆனால் கொழுந்து பறிக்கும் தாயின் மகள் தேயிலையைப் பாடமாகப் படிக்கும்போது அவள்மேல் விழும் எதிர்பார்ப்பு சாதாரணமானதல்ல. அம்மா மலையேறிய அதே தொழிலுக்குள், இம்முறை மேசைக்கு மறுபக்கம் போய் உட்கார வேண்டும்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாலும் தப்ப முடியாது. லயத்தில் சுவர் பொது. பக்கத்துக் காம்பராவிலிருந்து குரல் வரும்: “தம்பி, கெம்பஸ் முடிஞ்சிருச்சில்ல, உத்தியோகம் எங்க?” கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அந்த லயத்துக்கே அவன்தான் முதல் பட்டதாரி, அவ்வளவுதான். இலங்கையில் பட்டதாரி என்றால் அரசாங்க உத்தியோகம் என்ற நம்பிக்கை ஆழமானது. கொழும்பு வீதிகளில் வேலையற்ற பட்டதாரிகள் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார்கள். 2020 இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை ஒரேயடியாகப் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பட்டியல் மறுபடி எப்போது வரும், வருமா, அதில் தன் பெயர் இருக்குமா என்று காத்திருப்பது, டி பெர்க்கரின் கல்லைப் புரட்டுவதற்கு ஒப்பானது.

பல்கலைக்கழகங்கள் சும்மா இருக்கவில்லை. தொழில் வழிகாட்டல் பிரிவுகள் இருக்கின்றன. சுயவிபரக்கோவை எழுதப் பழக்குகிறார்கள், மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்துகிறார்கள். மாதிரி நேர்முகம் என்பது ட்ரியர் சோதனையை மாணவருக்குத் திரும்பத் திரும்பக் கொடுப்பது. இதனால் பயன் உண்டா? 1995 இல் கிர்ஷ்பௌமே இதைச் செய்து பார்த்தார். 20 ஆண்களை ஐந்து நாள் தொடர்ந்து அதே சோதனைக்கு நிறுத்தினார். 13 பேருக்கு இரண்டாம் நாளிலேயே கோர்டிசோல் அடங்கத் தொடங்கியது. மீதி 7 பேருக்கு நாள்தோறும் ஏறிக்கொண்டே இருந்தது. தங்களைப் பற்றித் தாங்களே தாழ்வாக மதிப்பிட்டவர்கள் அந்த ஏழு பேர். சிறிய ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் பயிற்சியால் பழகிப்போகிறவர்கள் பலர், பயிற்சியே காயத்தைக் கிளறும் சிலர் என்ற வேறுபாடு எந்த விரிவுரையாளருக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதான். அந்தச் சிலருக்கு இன்னொரு மாதிரி நேர்முகம் வேண்டாம். யாரும் எடைபோடாத ஓர் இடம் முதலில் வேண்டும். குழு ஓவிய சிகிச்சை பேச்சுக்குள் வருவது இங்கேதான்.

ஓவியத்தைச் சிகிச்சையோடு சேர்த்துப் பெயர் சூட்டியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். காசநோய் மருத்துவமனையில் படுத்துக்கிடந்தபோது வரைந்தே மீண்டவர். 1942 இல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எனக்கு அவரைவிட முக்கியமாகப் படுபவர் எட்வர்ட் அடம்சன். 1946 முதல் நெதர்ன் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஓவியக்கூடம் நடத்தியவர். தாளும் வர்ணமும் கொடுத்தார், பக்கத்தில் இருந்தார். படத்துக்கு விளக்கம் சொல்லவில்லை, திருத்தவுமில்லை. பார்வைக்கு இது ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலத் தோன்றும். டிக்கர்சனின் 208 ஆய்வுகளைப் படித்த பிறகு பார்த்தால், அழுத்தத்தின் முதல் மூலப்பொருளை அந்த மனிதர் அறையிலிருந்தே அகற்றியிருக்கிறார் என்று புரிகிறது.

அறிவியல் சான்று எவ்வளவு உறுதி? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். ஓவியத்தின் பெயரால் பெரிய வாக்குறுதிகளை விற்பவர்கள் அதிகம்.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2016 இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் செய்த ஆய்வு. 39 பெரியவர்கள் 45 நிமிடம் களிமண், வர்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விரும்பியதைச் செய்தார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 75 வீதத்தினருக்குக் கோர்டிசோல் இறங்கியிருந்தது. முன்பு ஓவியம் பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு இதில் தெரியவில்லை. “எனக்குச் சித்திரம் வராது, ஒன்பதாம் ஆண்டோடு விட்டுட்டேன்” என்று சொல்லும் மாணவருக்கு இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. கோர்டிசோல் காலையில் உச்சத்தில் இருந்து நாள் போகப்போகத் தானாகவே இறங்கும் பொருள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சிலருக்கு இறங்கியிருக்கும். கால்வாசிப் பேருக்கு இறங்கவே இல்லை என்பதையும் மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

மாணவர்களிடமே செய்தது 2012 இல் சாண்ட்மையர் குழுவினரின் ஆய்வு. இறுதிப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு 57 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை ஓவிய வேலைகளில் ஈடுபடுத்தினார்கள், மற்றவர்களைச் சும்மா உட்காரவைத்தார்கள். வரைந்தவர்களின் பதற்றம் குறைந்தது. இது ஒப்பீடு உள்ள ஆய்வு. எனினும் அளந்தது அந்த வேளையில் தெரிந்த மாற்றத்தைத்தான். அது எத்தனை வாரம் நிற்கும் என்பது வேறு கேள்வி.

வெறும் தாளைக் கொடுத்து “மனதில் இருப்பதை வரையுங்கள்” என்று சொன்னால் போதுமா? போதாது. 2005 இல் நான்சி கர்ரி, டிம் காசர் இருவரும் 84 மாணவர்களுக்கு முதலில் பயந்த அனுபவம் ஒன்றை எழுதச்சொல்லிப் பதற்றத்தை ஏற்றினார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு மண்டல வடிவம், இன்னொரு பகுதியினருக்குக் கட்டம் போட்ட வடிவம், மீதிப் பேருக்கு வெறும் தாள். இருபது நிமிடம் வர்ணம் தீட்டினார்கள். வடிவம் கிடைத்த இரண்டு குழுவினருக்கும் பதற்றம் இறங்கியது. வெறும் தாள்காரர்களுக்கு அப்படி இறங்கவில்லை. ஏற்கெனவே எதிர்காலம் வெறுமையாகத் தெரிகிறவனிடம் மேலும் ஒரு வெறுமையை நீட்டினால் என்ன பயன்? மண்டலத்தின் இடத்தில் புள்ளிக் கோலத்தை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. சமச்சீர், திரும்பத் திரும்ப வரும் வளைவு, பிழைத்தால் அழித்துவிட்டுத் தொடரும் வசதி எல்லாம் அதில் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்குக் கை ஏற்கெனவே பழகியது. ஊவாவில் ஒரு குழு தொடங்கினால் முதல் அரை மணி நேரத்துக்கு நான் அதைத்தான் கேட்பேன்.

இன்னொரு முடிவு பலருக்குக் கசக்கும். ஜெனிஃபர் டிரேக்கும் எலன் வின்னரும் தொடர்ச்சியாகச் செய்த ஆய்வுகளில், சோகமான நிலையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினரைத் தம் சோகத்தையே வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் அதற்குச் சம்பந்தமில்லாத எதையாவது வரைந்தார்கள். மனநிலை அதிகம் தேறியது இரண்டாவது குழுவுக்குத்தான். ‘உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையை இது அசைக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1994 இல் ஸ்டெஃபனி ஸ்பெராவும் ஜேம்ஸ் பென்னபேக்கரும், வேலை இழந்த 63 தொழில்வல்லுநர்களோடு ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் வேலை போனதைப் பற்றிய தம் உள்ளக்கொதிப்பை ஐந்து நாள் எழுதினார்கள். அடுத்த மாதங்களில் அவர்களுக்கே மற்றவர்களைவிட விரைவாக வேலை கிடைத்தது. அவர்கள் அதிக விண்ணப்பம் போடவில்லை. பழைய நிறுவனத்தின் மேலிருந்த கசப்பு குறைந்து, அடுத்த நேர்முகத்தில் அது வெளியே வராமல் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இரண்டும் முரண்படுகின்றனவா? எனக்கு அப்படித் தெரியவில்லை. டிரேக் அளந்தது சில நிமிடங்களுக்குள் மனநிலை எப்படி மாறுகிறது என்பதை. பென்னபேக்கர் அளந்தது மாதக்கணக்கில் நடந்ததை. கொதிக்கிற தலையோடு துயரத்தைத் தோண்டுவது ஒருவருக்கு உடனடி நிம்மதி தராது. தலை ஆறிய பிறகு அதையே கோர்த்துப் பார்ப்பது அவரை நாளடைவில் நகர்த்தும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கோலம், பிறகுதான் பாலம்.

1981 இல் ரொனால்ட் ஹேஸ், ஷெரி லயன்ஸ் என்ற இரண்டு ஓவிய சிகிச்சையாளர்கள் ஒரு பயிற்சியை எழுதிவைத்தார்கள். “ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் பாலம் ஒன்றை வரையுங்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று அம்புக்குறி போடுங்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு புள்ளி வையுங்கள்.” பதின்ம வயதினரிடம் இதைச் செய்து பார்த்து, பயணத்திசை, நிற்கும் இடம், இரு கரைகளிலும் என்ன இருக்கிறது, பாலத்துக்குக் கீழே என்ன ஓடுகிறது, பாலம் கரையோடு உறுதியாகச் சேர்ந்திருக்கிறதா என்றெல்லாம் கவனித்தார்கள். படிப்பிலிருந்து வேலைக்குப் போகும் கட்டத்தில் நிற்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைப்பது அரிது.

எல்லவில் இதற்குப் பாலத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. எல்ல, தெமோதரை நிலையங்களுக்கு நடுவே ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். 1921 இல் கல்லும் செங்கலும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்டது. இரும்பு ஒரு துண்டுகூட இல்லை. முதல் உலகப் போருக்கு இரும்பெல்லாம் போய்விட்டது, உள்ளூர் ஆட்களே கல்லால் கட்டி முடித்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. வளைவு நிற்கும் இயற்பியல் எளிமையானது. மேலிருந்து வரும் பாரம் கற்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. கல் நெரிப்பைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வளைவின் வடிவம் பாரத்தை எல்லாம் நெரிப்பாகவே மாற்றித் தூண்களுக்கு இறக்கிவிடுகிறது. அதற்கப்பால் தெமோதரையில் தண்டவாளம் ஒரு வளையம் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாகப் போகிறது. நேராக இறங்க முடியாத சரிவு, அதனால் அந்தச் சுற்று. பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது 1924 இல். மாணவர்கள் வரையும் பாலங்களில் இந்தச் சுற்றுப்பாதையும் வந்தால் நல்லது. வேலைக்குப் போகும் வழி நேர்கோடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு யாரோ வைத்தது.

எச்சரிக்கை ஒன்று. பாலத்தின் கீழே முதலை வரைந்தவனுக்கு இன்ன நோய், தூண் வரையாதவளுக்கு இன்ன குறை என்று தீர்ப்பு எழுதப் புறப்பட்டால் ஆபத்து. ஸ்கொட் லிலியன்ஃபெல்டும் சகாக்களும் 2000 இல் செய்த விரிவான பரிசீலனை, படத்தைக் கொண்டு ஆளைக் கணிக்கும் முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு அறிவியல் பலம் குறைவு என்று காட்டியது. பாலம் பேச்சைத் தொடங்கத்தான் உதவும். “இந்தக் கரையில் என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டு, வரைந்தவர் சொல்வதைக் கேட்க வேண்டும். படத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே.

இவ்வளவையும் ஒருவர் தனியாக அறையில் உட்கார்ந்தும் செய்யலாமே, குழு எதற்கு? குழுச் சிகிச்சையை விரிவாக எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலோம் குணமளிக்கும் காரணிகளாக 11 ஐச் சொன்னார். அவற்றில் ஒன்று, இந்தத் துன்பம் எனக்கு மட்டுமானதல்ல என்று தெரிந்துகொள்வது. வேலைக் கவலைக்கு அது தனியாகவே பாதி மருந்து. பேட்ச்சில் எல்லோரும் தைரியமாக இருப்பதாகவும் தான் மட்டும் தடுமாறுவதாகவும் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஏழெட்டுப் பாலங்களை மேசையில் பரப்பி வைத்து, அவற்றில் நாலைந்தில் புள்ளி நடுப்பாலத்தில் நிற்பதைப் பார்க்கும்போது அந்த நினைப்பு உடையும். ஏழு அல்லது எட்டுப் பேர் என்பது யாலோம் பரிந்துரைத்த அளவும்கூட.

மொழியும் ஒரு காரணம். சிங்களம், தமிழ் பேசும் மாணவர்கள் ஆங்கிலத்தில் படிக்கும் இடத்தில், பேசிப் பகிரும் குழுவில் ஆங்கிலம் சரளமாக வருகிறவரே முன்னுக்கு நிற்பார். படத்தில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1996 இல் மட்டக்களப்பில் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் தின்ற கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே முற்றத்துக்கு வந்து களிமண்ணும் வர்ணமும் கதையுமாக நாட்களைக் கழித்தார்கள். அந்தப் பிள்ளைகள் சுமந்ததையும் வேலைக் கவலையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எடுத்துக்கொள்ளக் கூடியது முறையை: ஒரே மேசை, ஒரே வர்ணப்பெட்டி, பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லாத சூழல். மலையகத்துக்கும் இது அந்நியமல்ல. மாசியில் தோட்டம் தோட்டமாக நடக்கும் காமன் கூத்தில் பார்ப்பவர் யார், ஆடுபவர் யார் என்று பிரிப்பதே கடினம்.

இதெல்லாம் வேலையை உண்டாக்காது. எல்லவில் விடுதிகள் பெருகினாலும் சுருங்கினாலும், அரசாங்கம் பட்டியல் போட்டாலும் போடாவிட்டாலும், கோலம் அதை மாற்றப்போவதில்லை. மாற்றக்கூடும் என்று சொல்லி நடத்தினால் அது மோசடி. குழுவை நடத்துபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்களே மாணவ ஆலோசகர்களாகவும் இருக்கிறார்கள். காலையில் புள்ளி போட்டவர் மாலையில் வர்ணப்பெட்டியோடு வந்தால் அடம்சனின் அறை அமையாது. இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வேண்டும். உறக்கம் முற்றாகக் கெட்டவர், உயிர்வாழ விருப்பமில்லை என்று சொல்பவர் யாராவது குழுவில் இருந்தால், அடுத்த அமர்வு வரை பொறுக்கக்கூடாது. பதுளை போதனா மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு உடனே அழைக்க வேண்டும்.

மற்றொன்று, படங்களை என்ன செய்வது என்பது. நம் நிறுவனங்களின் பழக்கம் தெரிந்ததே. நல்லது ஒன்று நடந்துவிட்டால் அடுத்த மாதம் கண்காட்சி வைப்பார்கள். மங்கள விளக்கு, பிரதம அதிதி, நடுவர் மூவர், முதலாம் இரண்டாம் மூன்றாம் பரிசு. மேசைக்குப் பின்னால் மறுபடியும் மூன்று பேர். அடுத்த அமர்விலிருந்து பிள்ளைகள் நடுவருக்காக வரையத் தொடங்குவார்கள். படம் வரைந்தவரோடு வீட்டுக்குப் போகட்டும், வேண்டாமென்றால் அவரே கிழித்துப் போடட்டும். ஆலோசகர் வைத்துக்கொள்ள வேண்டியது வரவுப் பதிவேடு மட்டும்.